பாதயாத்திரைக்குப் பாதம் அவசியமா?

ஓம் சரவண பவ.

நம்ம யாத்திரைக் குழுவுல இப்ப ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு விவகாரம் பத்தித்தான் எழுதுறேன். ஆனா அது ஆரம்பிச்ச இடம் வேற, அதனால அங்கிருந்தே வர்றேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாப் படிங்க.

போன மாசம் குரூப்ல நான் ஒரு வீடியோ போட்டது ஞாபகம் இருக்கும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பாஸ்கெட்பால் ஆடுறாங்க. ஒருத்தர் ரெண்டு பேருக்கு நடுவுல வண்டியைச் சடார்னு திருப்பி, பின்னால சாய்ஞ்சு பந்தை வளையத்துல போடுவார். முப்பது செகண்ட்தான். மேலே நான் எழுதின வாசகம் இது: "கால் இல்லாதவர்களே இவ்வளவு செய்யும்போது, எல்லாம் கொடுத்த முருகனுக்கு நாம் நன்றி சொன்னோமா?" நிறையப் பேர் கைகூப்பின படம் போட்டீங்க. கண்ணீர் படமும் வந்தது. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்தது.

அன்னைக்கு ராத்திரி நம்ம சைக்கிள் கடை அண்ணன் எனக்குத் தனியா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அண்ணனைக் குழுவுல எல்லாருக்கும் தெரியும், வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். குழந்தையில போலியோ வந்தவர். ரெண்டு காலும் சூம்பிப் போச்சு. அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி போற ரோட்டுல பஞ்சர் கடை வச்சிருக்கார். (பேரைப் போடாதேன்னு சொல்லிட்டுத்தான் இதை எழுதச் சம்மதிச்சார்.) அவர் சொன்னது ரெண்டே வரி.

"தம்பி, அவங்களுக்குக் கால் இருக்கு, நல்லாப் பாரு. அப்புறம், அவன் போட்ட பந்தைப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலையேப்பா."

எனக்கு முதல்ல கோபம்தான் வந்தது. நல்லது சொல்லப் போய் இப்படியான்னு. அடுத்த வாரம் ஊருக்கு வந்தப்ப கடைக்கே போயிட்டேன். அண்ணன் ஒரு ரிம்முக்குக் கோட்டம் எடுத்துக்கிட்டு இருந்தார். போனை வாங்கி வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். "இந்த வீலைப் பாரு. மேல உள்ள தள்ளி, கீழ அகண்டு நிக்குது. இது கோட்டம் இல்ல, வேணும்னே சாய்ச்சு வச்சிருக்கான். அப்பத்தான் திரும்பும்போது கவுறாது, பக்கத்து வண்டி இடிச்சாலும் கை நசுங்காது. பிரேக்கே இல்ல பாரு, கையே பிரேக்." அப்புறம் இன்னொரு இடத்துல நிறுத்தினார். "பந்து போட்டவனை விடு. இந்த மூலையில ஒருத்தன் வண்டியைக் குறுக்க விட்டு எதிராளியை மறிச்சு நிக்கிறான் பாரு. இவன் இடுப்பு நிக்கல, உடம்பை சீட்டோட பட்டை போட்டுக் கட்டியிருக்கான். இவன் மறிக்கலேன்னா அவனுக்கு வழியே கிடையாது."

அந்த வீடியோவை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். அந்த மூலையில ஒரு ஆள் இருந்ததே எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து இந்த ஆட்டத்தோட விதிகளைத் தேடிப் படிச்சேன். கோட் போடுற ஆளுக்கு விதின்னா ஒரு ஆர்வம். வளையம் நின்னு ஆடுறவங்களுக்கு இருக்கிற அதே 3.05 மீட்டர் உயரம்தான். உட்கார்ந்து ஆடுறாங்களேன்னு ஒரு அங்குலம் கூட இறக்கல. பந்தை மடியில வச்சு சக்கரத்தை ரெண்டு தடவைதான் தள்ளலாம், மூணாவது தள்ளுக்கு முன்னாடி பந்தைத் தரையில தட்டியாகணும். இதெல்லாத்தையும் விட என்னைப் பிடிச்சு உட்கார வச்சது புள்ளிக் கணக்கு. ஒவ்வொரு வீரருக்கும் அவர் உடம்பு ஆட்டத்துல எவ்வளவு ஒத்துழைக்குதுன்னு பார்த்து 1-ல இருந்து 4.5 வரை ஒரு எண் கொடுக்கிறாங்க. இடுப்புக்கு மேல உடம்பையே நிறுத்த முடியாதவருக்கு 1. ரொம்பக் குறைவான பாதிப்பு இருக்கிறவருக்கு 4.5. சர்வதேசப் போட்டியில ஒரு நேரத்துல களத்துல இருக்கிற அஞ்சு பேரோட கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக் கூடாது.

இதை ஒரு நிமிஷம் யோசிங்க. நல்லா உடம்பு ஒத்துழைக்கிற அஞ்சு பேரைப் பொறுக்கி இறக்க முடியாது. அஞ்சு 4.5 போட்டா 22.5. ஆக குறைஞ்ச புள்ளி ஆளுங்களும் களத்துல இருந்தே ஆகணும். அதுக்காக "பாவம், இவரும் ஆடட்டும்"னு ஓரமா நிறுத்தி வைக்கிறது இல்ல. அவர் மறிக்கத் தெரிஞ்சவரா இல்லேன்னா டீம் தோத்துடும். வண்டியை எந்த நொடியில எந்தக் கோணத்துல நிறுத்தணும்ங்கிறது அவரோட வித்தை. நான் பார்க்கத் தவறின மூலை அதுதான்.

இந்தியாவுல இந்த ஆட்டத்துக்குன்னு ஒரு கூட்டமைப்பு வந்தது 2014-லதான், அதுவும் நம்ம சென்னையில இருந்து. தொடங்கினவர் மாதவி லதா. குழந்தையில போலியோ வந்தவர், வங்கியில வேலை பார்த்தவர், வயசு ஏறின பிறகு நீச்சல் கத்துக்கிட்டுப் போட்டிகளுக்குப் போனவர்.

இங்க என் சொந்த அனுபவம் ஒண்ணு சொல்லணும். சென்னையில எங்க ஆபீஸ்ல ஒரு சனிக்கிழமை இந்த வீரர்களை அழைச்சு, நாங்களும் அந்த வண்டியில உட்கார்ந்து அவங்களோட ஆடுற மாதிரி ஏற்பாடு செஞ்சாங்க. நான் ஜிம்முக்குப் போறவன். மனசுக்குள்ள, ரொம்ப வேகமா ஆடி அவங்க மனசைக் கஷ்டப்படுத்திடக் கூடாதுன்னு கூட நினைச்சேன். (இதை எழுதும்போது கூசுது.) மூணு நிமிஷம். மூணே நிமிஷத்துல ரெண்டு முன்னங்கையும் கல்லு மாதிரி ஆயிடுச்சு. உள்ளங்கைத் தோல் பிஞ்சு போச்சு. வண்டியைத் திருப்பினா பந்து போயிடும், பந்தைப் பிடிச்சா வண்டி நிக்காம போய்ச் சுவத்துல முட்டும். உட்கார்ந்த இடத்துல இருந்து பந்தை எறிஞ்சா வளையத்தோட வலையைக் கூடத் தொடல. அப்பத்தான் புரிஞ்சது, நாம பந்து எறியிறதுல பாதி வேலையைக் கால் செய்யுது. அது இல்லாம தோளும் மணிக்கட்டும் மட்டுமே அந்தத் தூரத்தைக் கொடுக்கணும். எதிர்ல ஆடினவர் ஒரு சக்கரத்தைத் தூக்கி ஒத்தைச் சக்கரத்துல சாய்ஞ்சு என் பந்தைப் பறிச்சுட்டுப் போனார். சிரிச்சுக்கிட்டே, "சார், சக்கரத்தைப் பிடிக்காதீங்க, தள்ளிட்டு விட்ருங்க"ன்னார். அந்த ஒரு வரியைச் செய்ய எத்தனை வருஷப் பழக்கம் வேணும்னு எனக்குத் தெரியல.

தோள்ங்கிறது உடம்பைச் சுமந்துக்கிட்டுப் போறதுக்காக உண்டான மூட்டு இல்ல. இடுப்பு மாதிரி ஆழமான குழியில உட்கார்ந்தது கிடையாது. கையைச் சுத்திலும் வீச வசதியா, ஆழமில்லாத குழியில தசைகளோட பிடியில நிக்கிறது. அந்த மூட்டை வச்சுத்தான் இவங்க ஓடுறாங்க, திரும்புறாங்க, விழுந்தா வண்டியோட எழுந்திரிக்கிறாங்க. ஸ்விட்சர்லாந்தில் பிறவியிலேயே தண்டுவடக் குறைபாட்டோட பிறந்த மார்செல் ஹூக் 2021-ல ஜப்பானின் ஓயிட்டா நகரத்துல 42.195 கிலோமீட்டர் மாரத்தானை 1 மணி 17 நிமிடம் 47 விநாடியில முடிச்சார். கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023-ல சிகாகோவில் ஓடினது 2 மணி 35 விநாடி. சக்கரம்னா வேகம் வரத்தானே செய்யும்னு கேட்கலாம், நியாயம்தான். இதை வச்சு யாரு பெரியவர்னு நான் சொல்ல வரல. ஆனா அந்தச் சக்கரத்துக்கு இன்ஜின் கிடையாது, பெடல் மிதிக்கத் தொடையும் கிடையாது. ரெண்டு கை மட்டும், மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல, ஒரு மணி நேரத்துக்கு மேல.

சரி, என் வாசகத்துல என்னதான் தப்பு? நன்றி சொல்றது தப்பா? இதை நான் ரொம்ப நாள் யோசிச்சேன். நன்றி தப்பில்ல. ஆனா நான் நன்றி சொன்னது அந்த மனுஷனைக் காட்டி. அவர் வருஷக்கணக்காப் பழகி ஒரு வித்தையைச் செஞ்சு காட்டுறார். நான் அதைப் பார்த்து, "நல்லவேளை, நான் இவர் மாதிரி இல்ல"ன்னு முருகன்கிட்ட சொல்றேன். அதைப் பக்தின்னு நினைச்சுக்கிட்டேன். அவர் உடம்பை என் உடம்புக்கு ஒரு தராசுக் கல்லா வச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.

இதைவிட மோசமான ஒண்ணும் நம்மகிட்ட இருக்கு. அன்னதானப் பந்தியில ஒரு பெரியவர் அண்ணன் முகத்துக்கு நேராவே சொன்னதை நான் கேட்டேன். "போன ஜென்மத்து வினைப்பா, முருகன் அடுத்ததுல தீர்த்து வைப்பான்." கெட்ட எண்ணத்துல சொல்லல. ஆறுதல்னு நினைச்சுத்தான் சொன்னார். அண்ணன் ஒண்ணும் பேசல, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கினார். போலியோ ஒரு கிருமி. அசுத்தமான தண்ணி வழியா, கை வழியாக் குழந்தை வாய்க்குள்ள போறது. சொட்டு மருந்து ஒழுங்காப் போய்ச் சேர்ந்ததும் நின்னு போச்சு. இந்தியாவுல இயற்கைக் கிருமியால கடைசியா ஒரு குழந்தைக்கு அது வந்தது 2011 ஜனவரியில, மேற்கு வங்காளத்துல. 2014-ல போலியோ இல்லாத நாடுன்னு அறிவிச்சாங்க. அப்ப 2011-க்குப் பிறகு பிறந்தவங்க யாருமே போன ஜென்மத்துல பாவம் செய்யலையா? வினையைப் பத்தி எனக்குப் பெருசாத் தெரியாது. அடுத்தவன் வினையைக் கணக்குப் பார்க்கிற வேலையை முருகன் நம்மகிட்ட ஒப்படைக்கலேன்னு மட்டும் தெரியும்.

முருகன்னு சொன்னதும் ஞானப்பழக் கதை ஞாபகம் வருது. சின்ன வயசுல நம்ம ஆளு தோத்துட்டார்னு நான் அழுதிருக்கேன். கோட் போடுற புத்தியில பார்த்தா, போட்டி வச்சவங்க விதியைத் தெளிவா எழுதல, அதான் பிரச்சனை. ஒருத்தருக்கு மயில், ஒருத்தருக்கு எலி. "உலகத்தைச் சுத்தணும்"னா எது உலகம்னு சொல்லல. எப்படியோ, இப்ப அந்தக் கதையில எனக்கு வேற ஒண்ணு படுது. பிள்ளையார் ஜெயிச்சப்ப ஒருத்தரும் "பாவம், இந்தத் தொந்தியை வச்சுக்கிட்டு, எலியை வச்சுக்கிட்டு, இவ்வளவு தூரம் யோசிச்சிருக்கார் பாருங்க"ன்னு கண்ணீர் விடல. முருகனும் "அவருக்கு ஓட முடியாது, பாவம், பழம் போகட்டும்"னு விட்டுக் கொடுக்கல. கோபிச்சுக்கிட்டு மலை ஏறிட்டார். தோத்தவன் நிஜமாக் கோபப்பட்டான்னா, ஜெயிச்சவனைச் சமமான போட்டியாளனா மதிச்சான்னு அர்த்தம்.

சக்கர நாற்காலி வீரர்களுக்கு நாம கொடுக்காத மரியாதை அதுதான். அவங்க தோக்கிறதை நாம தோல்வியாவே எடுத்துக்கிறது இல்ல. குஜராத் கிராமத்துப் பெண் பவினா படேல், ஒரு வயசுல போலியோ வந்தவர், டோக்கியோ பாராலிம்பிக்ஸ்ல டேபிள் டென்னிஸ்ல வெள்ளி வாங்கினார். 2021-ல நாமெல்லாம் ஸ்டேட்டஸ் வச்சோம். அரையிறுதியில சீனாவின் ஜாங் மியாவோவை 3-2 கணக்குல அடிச்சதும், இறுதிப்போட்டியில ஜோ யிங்கிட்ட 0-3 தோத்ததும் எத்தனை பேருக்குத் தெரியும்? கிரிக்கெட்ல ஃபைனல் தோத்தா ஒரு வாரம் டீக்கடையில பந்து பந்தா ஆராய்ச்சி பண்றோம். பவினா ஏன் மூணு செட்டையும் விட்டார்னு யாரும் கேட்கல. வந்ததே பெரிசுன்னு விட்டுட்டோம். அப்படிச் சொல்றது பாராட்டு மாதிரி இருக்கும், ஆனா உள்ளே "உன்கிட்ட நான் இதுக்கு மேல எதிர்பார்க்கல"ங்கிற பேச்சு இருக்கு.

அவங்களை மகான் ஆக்குறதும் இதே தப்புதான். அந்த உலகத்துலயும் ஏமாத்து உண்டு. தண்டுவடம் மேல்பகுதியில அடிபட்டவங்களுக்கு ஆட்டத்துல இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் நமக்கு ஏறுற மாதிரி ஏறாது. அதுக்காகச் சிலர் உணர்ச்சி இல்லாத கால் பக்கம் வேணும்னே காயம் பண்ணி, கால் விரலைக் கூட முறிச்சு, ரத்த அழுத்தத்தை ஏத்திக்கிட்டுப் போட்டியில இறங்கினாங்க. உயிருக்கே ஆபத்துன்னு அதைத் தடை பண்ணியிருக்காங்க. படிச்சப்ப எனக்கு அதிர்ச்சி. கூடவே, எப்படியாவது ஜெயிக்கணும்ங்கிற இந்த வெறி நம்ம எல்லார்கிட்டயும் இருக்கிறதுதானேன்னும் தோணுச்சு.

இந்த விளையாட்டெல்லாம் தொடங்கினதும் பரிதாபத்துல இல்ல. இரண்டாம் உலகப் போர் காலத்துல தண்டுவடம் அடிபட்டவங்களை, கொஞ்ச நாள்ல செத்துடுவாங்கன்னு படுக்கையிலேயே விட்டுடுவாங்க. ஹிட்லர் கிட்ட இருந்து தப்பி இங்கிலாந்து வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மான் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில அவங்களை உட்கார வச்சார், வேலை வாங்கினார், விளையாட வச்சார். 1948 ஜூலை 29, லண்டன்ல ஒலிம்பிக் தொடங்கின அதே நாள், 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி வச்சார். அதுதான் வளர்ந்து பாராலிம்பிக்ஸ் ஆச்சு. நம்ம ராணுவத்துல 1965 போர்ல குண்டு பாய்ஞ்சு இடுப்புக்குக் கீழ செயலிழந்த முரளிகாந்த் பேட்கர், 1972-ல ஜெர்மனியின் ஹைடல்பர்க்ல 50 மீட்டர் நீச்சல்ல தங்கம் வாங்கினார். இந்தியாவுக்கு பாராலிம்பிக்ஸ்ல அதுதான் முதல் தங்கம். பத்மஸ்ரீ வந்தது 2018-ல. 46 வருஷம்.

இப்ப நம்ம விவகாரத்துக்கு வர்றேன். இந்த வருஷம் அண்ணனும் மாலை போட்டிருக்கார். திருச்செந்தூருக்கு நம்மகூடவே வர்றேங்கிறார். வேன்ல இல்ல. கவர்மெண்ட் ஸ்கூட்டரும் இருக்கு, அதுலயும் இல்ல. "ஆக்ஸிலேட்டரை முறுக்கிட்டு வர்றதுக்குப் பேரு யாத்திரையா?"ன்னு அவரே கேட்கிறார். கையால சுத்துற அந்தப் பழைய மூணு சக்கர வண்டியில, பந்தல்குடி, எட்டயபுரம், தூத்துக்குடி வழியா, ஏறக்குறைய 130 கிலோமீட்டர். குழுவுல முக்கால்வாசிப் பேர் வேணாம்னு சொல்றீங்க. அன்புலதான் சொல்றீங்க, எனக்குத் தெரியும். குருசாமி அன்னைக்குச் சொன்னார், "உடம்பு முக்கியமில்லப்பா. ரமணர் பொறந்த மண்ணு இது, உடம்பு நாம இல்லேன்னு அவரே சொல்லலையா? மனசு போதும். நீ மனசால வந்துரு, முருகன் ஏத்துக்குவான்."

அண்ணன் மெதுவாத்தான் கேட்டார். "மனசு போதும்னா நீங்கள்லாம் எதுக்கு மாமா நடக்கிறீங்க? வீட்ல இருந்தே மனசால போயிட்டு வந்துரலாமே."

அந்தக் கேள்விக்கு அன்னைக்குப் பதில் வரல, இன்னைக்கு வரைக்கும் என்கிட்டயும் இல்ல. நாம ஏன் நடக்கிறோம்? பஸ் இருக்கு, ரயில் இருக்கு. கால் கொப்பளிச்சு, கரிசல் காட்டு வெயில்ல வேலிக்கருவை நிழல் கூடச் சரியா விழாத ரோட்டுல, நாலு நாள் உடம்பைக் கஷ்டப்படுத்திப் போறோம். உடம்பைக் கொண்டுபோய் அவன்கிட்ட வைக்கணும்னுதானே? நம்ம உடம்புக்கு அது முக்கியம், அண்ணன் உடம்புக்கு மட்டும் "மனசு போதும்"னா, அவர் உடம்பை நாம காணிக்கைக்கு ஆகாததுன்னு ஒதுக்குறோம். அதை வேதாந்தம்னு சொல்லிக்கிறோம்.

எதிர்ப் பேச்சுல நியாயம் இல்லேன்னு சொல்லல. நாலு வழிச்சாலை, ராத்திரி லாரி. வெயில். தண்டுவடம் அடிபட்டவங்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழ வேர்க்காது, சூடு தலைக்கேறிடும். அண்ணனுக்குப் போலியோங்கிறதால அந்தப் பயம் இல்ல. ஆனா போலியோ வந்தவங்களுக்குப் பல வருஷம் கழிச்சு, அதிகமா உழைச்ச தசையே திரும்பப் பலவீனமாகலாம்னு டாக்டர்கள் சொல்றாங்க. அவர் தோள் ஏற்கெனவே வலிக்குது. அந்தத் தோளும் போயிட்டா அவருக்குக் கடையும் இல்ல. இதை நான் அவர்கிட்டயே சொன்னேன். "தோள் வலிக்குதுன்னு என்னைக்காவது கடையை மூடியிருக்கேனா? உன் அப்பாவுக்கு முட்டி வலி. அவரை யாரு வேணாம்னு சொன்னீங்க?"ன்னார். எங்க அப்பாவை யாரும் சொல்லல. நீக்யாப் மாட்டிக்கிட்டு நடந்தார், எல்லாரும் பெருமையாப் பேசினோம்.

ஆபத்து இருக்கு. ஆனா அந்த ஆபத்தை எடை போட்டு முடிவு பண்ற உரிமை அறுபது வயசு முட்டிக்கு இருந்தா, நாற்பத்தஞ்சு வயசுத் தோளுக்கும் இருக்கணும்ங்கிறதுதான் என் கட்சி. குழுவோட பொறுப்புன்னு ஒண்ணு இருக்கு, அதை மறுக்கல. அது அவர் எப்படி வரணும்னு சேர்ந்து யோசிக்கிறதா இருக்கட்டும், வரலாமா கூடாதான்னு நாம தீர்ப்புச் சொல்றதா வேண்டாம். நான் சொல்றதுல தப்பு இருந்தா ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.

அண்ணன் இப்ப தினமும் காலையில அஞ்சு மணிக்குத் திருச்சுழி ரோட்டுல வண்டியை எடுத்துக்கிட்டுப் போய்ப் பழகுறார். முதல் நாள் ஆறு கிலோமீட்டர், இப்ப பதினஞ்சு. செயினை மாத்திட்டார், முன் சக்கரத்துக்குப் புது டியூப் போட்டாச்சு. உள்ளங்கைக்குப் பழைய டியூப்பையே வெட்டி உறை தைச்சு வச்சிருக்கார். பின்னாடி ஒட்ட சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை வேணும், யார் வீட்டுலயாவது இருந்தா ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க. ராத்திரி நேரத்துல நான் சைக்கிள்ல பின்னாலயே வர்றேண்ணேன்னு சொன்னேன். "நீ மாலை போட்டிருக்க, ஒழுங்கா நட. எனக்குக் காவல் வேணாம். ஏத்தத்துல நான் பின்னாடி நின்னா காத்திருங்க, இறக்கத்துல நான் உங்களுக்குக் காத்திருக்கேன்"னுட்டார்.

வேலும் மயிலும் துணை.